தாய்லாந்து மண்ணில் மூன்று ஆட்டங்கள்



தெலுக் அன்சன் என்று நம் பாட்டன்மார் அழைத்து வந்த ஊர், தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது 1982ஆம் ஆண்டில். அதற்கு மறு ஆண்டு, தாய்லாந்தின் தலைநகராகிய பேங்காக்கில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. அதில் தாய்லாந்து முதலிடம் பெற்றது. இரண்டாமிடம் இந்தியாவுக்கு. மூன்றாமிடம் நம் மலேசியாவுக்கு. நம் முன்னோர் பிறந்த நாடும், நாம் பிறந்த நாடும் அடுத்தடுத்த படிகளில் நின்ற நாள் அது.

ஆனால் இந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் பழைய கால்பந்துப் பேச்சு எழுந்தால், ஆறுமுகம், மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் என்று ஆண்கள் அணியின் பெயர்களைப் பெரியவர்கள் மளமளவென்று அடுக்குவார்கள். 1983இல் ஆசியாவின் மூன்றாமிடத்தைப் பெற்று வந்த நம் பெண்களில் ஒருவர் பெயரையேனும் சொல்லுங்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். இந்தியாவிலும் நிலைமை இதுவே.

ஆகவே இன்றைய உரையில் இந்திய மகளிர் கால்பந்து அணியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அந்த வரலாற்றில் மூன்று ஆட்டங்கள் மிக முக்கியமானவை. மூன்றும் நம் பேராக் மாநிலத்தின் வட எல்லைக்கு அப்பால் இருக்கும் தாய்லாந்திலேயே நடந்தன. முதலாவது 1983இல், இரண்டாவது 1998இல், மூன்றாவது 2025இல். இம்மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், ஓர் அணி எப்படி உயர்கிறது, எப்படி வீழ்கிறது, மீண்டும் எப்படி எழுகிறது என்பது நமக்கு விளங்கும்.

முதலில் ஒரு சிறு முன்கதை. பெண்கள் கால்பந்து ஆடுவது அண்மைக் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், தொழிற்சாலைப் பெண்களைக் கொண்ட டிக் கெர் அணியின் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே, அதாவது 1921 டிசம்பரில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் குழுக்களின் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. ஆட்களும் இருந்தார்கள், பார்க்க வந்த கூட்டமும் இருந்தது. ஆடுவதற்குத் திடல் மட்டும் மறுக்கப்பட்டது. பெண்கள் கால்பந்தின் வரலாறு முழுவதிலும் இந்த ஒரு செய்தி வேறு வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

இனி ஆசியாவுக்கு வருவோம். நம் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அவர்கள் 1958 முதல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். ஆயினும் அக்காலத்தில் அந்தக் கூட்டமைப்பு ஆண்களுக்கான போட்டிகளையே நடத்தி வந்தது. எனவே 1968ஆம் ஆண்டில் மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள் கூடி, ஆசிய மாதர் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பை உருவாக்கினார்கள். இதைத் தொடங்கியவர்களில் நம் நாடும் ஒன்று என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்த அமைப்பு தன் முதல் ஆசியப் போட்டியை 1975இல் ஹாங்காங்கில் நடத்தியது. நியூசிலாந்து கிண்ணத்தை வென்றது. மலேசியாவுக்கு நான்காமிடம்.

அதே 1975இல்தான் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பும் தோன்றியது. இந்தியாவில் ஆண்களின் கால்பந்தை 1937 முதல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நிருவகித்து வந்தது. பெண்களின் அமைப்பு அதிலிருந்து வேறானது. பெரிய வீட்டில் இடம் இல்லாதபோது பக்கத்தில் சிறு குடில் கட்டிக்கொண்டாற்போல், பெண்களின் விளையாட்டு தன் வழியைத் தானே தேடிக்கொண்டது.

அந்தச் சிறு குடில் குறுகிய காலத்தில் பெரிய காரியங்களைச் செய்தது. மூன்றாவது ஆசியப் போட்டி 1980 ஜனவரியில் கேரளத்தின் கோழிக்கோட்டில் நடந்தது. போட்டியை நடத்திய இந்தியா, எஸ், என் என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்ட இரண்டு அணிகளை இறக்கியது. எஸ் அணி இறுதியாட்டம் வரை முன்னேறி, தைவானிடம் 2-0 என்று தோற்று இரண்டாமிடம் பெற்றது. அடுத்த போட்டி 1981இல் ஹாங்காங்கில். அதில் இந்தியா மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஹாங்காங்கையே 2-0 என்று வென்றது. அதற்கடுத்தது 1983இல் பேங்காக்கில் நடந்தது. தொடர்ந்து மூன்று போட்டிகள். அவற்றில் இரண்டு முறை இரண்டாமிடம், ஒரு முறை மூன்றாமிடம். ஆசியக் கிண்ணத்தில் இந்தியப் பெண்கள் இதைவிட உயர்ந்த இடத்தை அதற்குப் பிறகு எட்டியதில்லை.

பேங்காக் இறுதியாட்டமே நம் மூன்று ஆட்டங்களில் முதலாவது. அதில் தாய்லாந்து 3-0 என்று வென்றது. தோல்விதான், ஆயினும் ஆசியாவின் இறுதித் திடலில் நின்று பெற்ற தோல்வி. அந்தத் தலைமுறையில் பேர் பெற்ற வங்காள வீராங்கனை சாந்தி மல்லிக், அதே 1983ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதற் பெண் அவரே.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்காலத்து ஆசியப் போட்டிகளில் சீனா கலந்துகொள்ளவில்லை. வட கொரியாவும் கலந்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் பெரும் வலிமை பெற்ற அணிகள் இல்லாத களம் அது. ஆகவே 1983இன் இரண்டாமிடத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது பொருந்தாது. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். 1981இல் ஹாங்காங்கில்தான் ஜப்பானின் தேசிய அணிப் பெண்கள் முதன்முதலாக ஆசியப் போட்டிக்கு வந்தார்கள். முதற் சுற்றோடு வீடு திரும்பினார்கள். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு மூன்றாமிடம். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 2011இல் ஜெர்மனியில், அதே ஜப்பான் அமெரிக்காவை வென்று உலகக் கிண்ணத்தை ஏந்தியது. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த இரண்டு அணிகள். ஒன்று உலகின் உச்சிக்குப் போயிற்று. மற்றொன்று எங்கே போயிற்று?

விடை, பேங்காக்கிற்குப் பிந்திய ஆண்டுகளில் இருக்கிறது. 1986இல் ஆசியப் போட்டி நடந்தது, இந்தியா இல்லை. 1989இல் நடந்தது, இந்தியா இல்லை. 1991இல் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் நடந்தது. அதுவே முதல் மகளிர் உலகக் கிண்ணத்துக்கு ஆசிய அணிகளைத் தேர்ந்தெடுத்த போட்டி. அதிலும் இந்தியா இல்லை. 1993இல் நம் சரவாக்கின் கூச்சிங்கில் நடந்தது. அதற்கும் இந்திய அணி வரவில்லை. நான்கு போட்டிகள், பன்னிரண்டு ஆண்டுகள் வெற்றுத்தாளாகக் கிடக்கின்றன. ஒரு வீராங்கனை பதினெட்டு வயதில் அணிக்கு வந்தாள் என்று வைத்துக்கொண்டால், அவளுடைய ஆட்டக்காலம் முழுவதுமே இந்த வெற்றுத்தாளுக்குள் அடங்கிவிடும்.

அந்த ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? 1986இல் ஆசிய மாதர் கூட்டமைப்பு, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போடு இணைக்கப்பட்டது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தை ஏற்று, 1991இல் சீனாவில் முதல் உலகக் கிண்ணத்தை நடத்தியது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு விழாவில் பெண்கள் கால்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. 1986இல் முதன்முறையாக வந்த சீனா, அந்த ஆண்டு தொடங்கி 1999 வரை தொடர்ந்து ஏழு முறை ஆசியக் கிண்ணத்தை வென்றது. இந்தியாவிலோ பெண்களின் அமைப்பு தனித்தே நின்று மெலிந்து, 1990களின் தொடக்கத்தில்தான் அகில இந்தியக் கூட்டமைப்பின் பொறுப்புக்குள் வந்தது. கதவு திறந்த நேரத்தில் வாசலில் ஆள் இல்லை என்பதே இதன் சுருக்கம்.

இந்திய அணி ஆசியக் களத்துக்குத் திரும்பியது 1995இல். திரும்பி வந்த இடமும் நம் நாடுதான். சபாவின் கோத்தா கினபாலு. முதற் சுற்றைத் தாண்ட முடியவில்லை. 1997இல் சீனாவில் நடந்த போட்டியில் குவாம் அணியை 10-0 என்று வென்றது சற்று ஆறுதல் தந்தது. அதற்கு மறு ஆண்டு வந்தது இரண்டாவது ஆட்டம்.

1998 டிசம்பர், பேங்காக். ஆசிய விளையாட்டு விழா. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தியப் பெண்கள் இறுதியாட்டம் ஆடிய அதே நகரம். எதிரே சீனா. அந்தச் சீன அணி 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1999இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போகவிருந்தது. ஆட்டம் முடிந்தபோது சீனா 16, இந்தியா 0. இந்திய மகளிர் அணியின் வரலாற்றில் மிகப் பெரிய தோல்வி இதுவே.

நேயர்களே, இந்தப் பதினாறு கோல்களுக்கு யார் பொறுப்பு? அன்று திடலில் நின்ற பதினொரு பெண்களா? தொண்ணூறு நிமிடத்தில் போன ஆட்டம் அன்று அது. பன்னிரண்டு ஆண்டுகளில் போன ஆட்டம். ஆடாமல் போன 1986, 1989, 1991, 1993 ஆகிய போட்டிகளின் கணக்கெல்லாம் ஒரே மாலையில் அந்தப் பெண்கள் தலையில் வந்து விழுந்தது. பள்ளிக்கே அனுப்பாத பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, மதிப்பெண் குறைந்துவிட்டது என்று அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமாகுமா?

அதன் பின்பும் பாடம் உடனே கற்கப்படவில்லை. 2009இல், பதினெட்டு மாதங்களுக்கு மேல் அனைத்துலக ஆட்டம் எதுவும் ஆடவில்லை என்ற காரணத்தால், உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்திய அணி நீக்கப்பட்டது. தோற்றவர்களுக்குப் பட்டியலின் கடைசியிலாவது ஓர் இடம் உண்டு. ஆடாதவர்களுக்கு அதுவும் இல்லை.

2010இல் நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு டாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் முதலாவது தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் நேபாளத்தை 1-0 என்று வென்று இந்தியா கிண்ணத்தைப் பெற்றது. பின்னர் 2012இல் கொழும்பு, 2014இல் இஸ்லாமாபாத், 2017 ஜனவரியில் முடிவடைந்த சிலிகுரி, 2019இல் நேபாளத்தின் பிராட்நகர் என்று, தொடர்ந்து ஐந்து முறையும் இந்தியாவே வென்றது. இந்த ஐந்து போட்டிகளிலும் அது ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இந்திய மகளிர் அணியின் மிகப் பெரிய வெற்றியும் இந்தக் காலத்ததே. 2010இல் பூட்டானுக்கு எதிராக 18-0.

பதினாறு வாங்கிய அணி பதினெட்டு கொடுத்தது என்று பெருமைப்படலாம். ஆனால் இரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள். ஒரு பக்கம் ஆண்டு முழுதும் ஆடிப் பழகியவர்கள். மறு பக்கம் வாய்ப்பே இல்லாமல் திடலுக்கு வந்தவர்கள். 1998இல் இந்தியா நின்ற இடத்தில் 2010இல் பூட்டான் நின்றது.

இதற்கிடையே அண்டை நாடாகிய வங்கதேசம் ஒரு காரியம் செய்தது. 2011 முதல் ஆரம்பப் பள்ளி மாணவிகளுக்கென்று நாடு முழுவதும் கால்பந்துப் போட்டி நடத்தத் தொடங்கியது. மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்ற சிற்றூரின் ஆரம்பப் பள்ளிச் சிறுமிகள் அதில் மீண்டும் மீண்டும் வென்றார்கள்; அவர்களில் பலர் தேசிய அணி வரை உயர்ந்தார்கள். பத்து வயதுச் சிறுமிகளாகப் பந்தை உதைத்தவர்கள் இருபது வயதை எட்டியபோது பலன் தெரிந்தது. 2022இல் காத்மாண்டுவில் வங்கதேசம் இந்தியாவை 3-0 என்று வென்று, கிண்ணத்தையும் கொண்டு போயிற்று. 2024இலும் கிண்ணம் வங்கதேசத்துக்கே. இரண்டு முறையும் இந்தியா அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்று வெளியேறியது. விதை போட்டவன் அறுவடை செய்தான்; இதில் வியப்படைய ஒன்றும் இல்லை.

இந்தியாவுக்குள்ளும் விதை போட்ட மாநிலங்கள் உண்டு. முதன்மையானது வடகிழக்கிலுள்ள சின்னஞ்சிறு மணிப்பூர். அங்கிருந்து வந்த ஓய்னாம் பெம்பெம் தேவி, 1995இல் பதினைந்து வயதில் தேசிய அணிக்குள் நுழைந்து, 2016 வரை ஆடினார். அர்ஜுனா விருது அவருக்கு 2017இல் கிடைத்தது. பத்மஸ்ரீ 2020இல் கிடைத்தது. நீண்ட காலம் மணிப்பூரின் கோட்டையாக இருந்த தேசிய மாநிலப் போட்டியைத் தமிழ்நாடு 2018இல் வென்றது. இறுதியாட்டத்தில் தோற்றது அந்த மணிப்பூரே. 2019இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் கிண்ணத்தைப் பெற்றது. 2023இல் தமிழ்நாடு மீண்டும் தேசியக் கிண்ணத்தை வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக விளங்கியவர். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளராகவும் இருந்த அவர், 2020இல் ஊரடங்குக் காலத்தில் சென்னைத் தெருக்களில் காவல் பணி செய்தார். பந்தும் ஆடி, பிழைப்புக்கு ஒரு வேலையும் பார்ப்பதே பெரும்பாலான இந்திய வீராங்கனையரின் வாழ்க்கை.

2022 ஜனவரியில் ஆசியக் கிண்ணப் போட்டி இந்தியாவிலேயே நடந்தது. சொந்த மண்ணில் பழைய பெருமையை மீட்கலாம் என்ற நம்பிக்கையோடு அணி இறங்கியது. முதல் ஆட்டத்தில் ஈரானோடு கோலின்றிச் சமநிலை. அதற்குள் கொரோனா தொற்று அணியினரிடையே பரவிவிட்டது. இரண்டாவது ஆட்டத்துக்கு வேண்டிய பதின்மூன்று பேரைக்கூடச் சேர்க்க முடியாமல், போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. ஆடிய ஓர் ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. வெற்றுத்தாள் மீண்டும் ஒரு முறை வந்து சேர்ந்தது.

இனி மூன்றாவது ஆட்டம். 2026ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று, 2025இல் தாய்லாந்தின் வட பகுதியிலுள்ள சியாங் மாயில் நடந்தது. மங்கோலியாவை 13-0, கிழக்குத் திமோரை 4-0, ஈராக்கை 5-0 என்று இந்தியா வென்றது. கடைசி ஆட்டம் ஜூலை 5ஆம் நாள், தாய்லாந்தோடு. குழுவிலிருந்து ஓர் அணிக்கு மட்டுமே இடம். தாய்லாந்தோ 2015, 2019 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களிலும் ஆடிய அணி. தன் மக்கள் முன்னிலையில் ஆடுகிறது. முதற் பாதியில் வங்காளத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர் ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பின் தாய்லாந்து சமன் செய்தது. பிறகு சங்கீதாவே இரண்டாவது கோலையும் போட்டார். இந்தியா 2, தாய்லாந்து 1. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. 1983இல் பேங்காக்கில் விட்டதை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில், அதே எதிரியிடமிருந்து மீட்டார்கள்.

இந்த மூன்று ஆட்டங்களின் கணக்கு 0-3, 0-16, 2-1. எண்களை மட்டும் பார்ப்பவர் ஒரு அணியின் திறமை ஏறி இறங்கியதாகவே நினைப்பார். நாம் பார்த்த வரலாறோ வேறு ஒன்றைச் சொல்கிறது. இந்தியப் பெண்களின் கால்களில் திறமை என்றும் குறையவில்லை. ஆண்டுதோறும் ஆடக் கிடைத்தபோது உயர்ந்தார்கள். ஆட அனுப்பாதபோது வீழ்ந்தார்கள். ஓர் அணியின் சாதனை ஏட்டைப் படிக்கும்போது, அதில் எழுதப்பட்ட கோல்களை மட்டும் எண்ணினால் போதாது. எழுதப்படாமல் கிடக்கும் ஆண்டுகளையும் எண்ண வேண்டும்.

இது நமக்கும் பொருந்தும். 1975இல் ஆசியாவில் நான்காமிடமும் 1983இல் மூன்றாமிடமும் பெற்ற மலேசியப் பெண்கள் அணி, 2026 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. நம் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ரப்பர்த் தோட்டம் ஒவ்வொன்றிலும் லயத்துக்கு அருகே ஒரு திடல் இருந்தது. பால்மரம் வெட்டி முடித்து, மாலையில் ஆண்கள் பந்தாடுவார்கள். அதே மரங்களை அதே அதிகாலையில் வெட்டிய பெண்கள், திடலோரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவார்கள். அவர்களில் எத்தனை பேர் நல்ல ஆட்டக்காரர்களாக வந்திருப்பார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லாது. அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகிவிட்டன. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆயினும் தெலுக் இந்தான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பந்தும் இருக்கிறது.

கல்சிந்தூர் ஒரு பட்டணமன்று. அங்கே மாளிகை போன்ற விளையாட்டரங்கமும் இல்லை. ஒரு பள்ளி, சில ஆசிரியர்கள், ஆண்டு தவறாமல் ஒரு போட்டி, இவ்வளவே. ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். விளையாட்டுப் பாட வேளையில் பந்தை எடுக்கும்போது, சிறுமிகளையும் திடலுக்குள் கூப்பிடுங்கள். ஒரு நாள் கூப்பிட்டால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் கூப்பிடுங்கள். வெற்றியும் தோல்வியும் பிறகு வரட்டும். முதலில் அவர்கள் பெயர் ஏட்டில் ஏறட்டும்.